சைவ வீட்டு மலைப்பாம்பு

மகன் வெளிநாடு போகையில் ஒப்படைத்துவிட்டுப் போன மலைப்பாம்புக் குட்டி, விழுங்கும் எலியை ஒவ்வொரு முறையும் மறுநாளே கக்கியது. முதுகெலும்பு தெரிய இளைத்தும் விட்டது. மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீடு என்று, விருந்தாளி செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுகிறவர் சிவசைலம். ஆகவே பாம்புக்கு இலை போடுவதெல்லாம் கீழே காருக்குள்தான். விழுங்கி முடித்ததும் துண்டில் சுற்றி மூன்று மாடி தூக்கி வருவார்.

“தின்ன பிறகு ரெண்டு நாளைக்கு அதைத் தொடவே கூடாது சார். கூண்டுலயே கொடுங்க. இன்னும் ஒரு தடவை கக்கினா தாங்காது,” என்றார் கால்நடை மருத்துவர்.

“எலியை எப்படி டாக்டர் வீட்டுக்குள்ள கொண்டுவர்றது?”

“இப்பவும் வந்துக்கிட்டுதானே இருக்கு, வயித்துக்குள்ள.”

வீடு திரும்பியவர், கூண்டு இருந்த மூலைக்குக் குறுக்கே பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினார். “இனி அந்தப் பக்கம் நம்ம வீட்டுல சேர்த்தி இல்ல,” என்று மனைவி பர்வதத்திடம் அறிவித்தார்.

இந்த முறை பாம்பு கக்கவில்லை. வயிற்றுப் புடைப்பு நாளுக்கு நாள் கரைவதை இருவரும் திரையை விலக்கி விலக்கிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் காணோமென்று பர்வதம் தேடினாள். திரைக்கு அந்தப் பக்கம் சம்மணமிட்டு முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

“நான் இப்ப வீட்டுல இல்ல,” என்றார்.

பர்வதம் திரையை மீண்டும் இழுத்துவிட்டாள்.

“கூண்டை இடிக்காம தள்ளி உக்காருங்க,” என்றாள்.