இரண்டாவது அவசரம்

“எந்தப் போனுங்க சார் மொதல்ல வந்துச்சு?” என்று கேட்டாள் நர்ஸ் மோகனப்பிரியா.

சுகாதார ஆய்வாளர் ஜெகதீஸ்வரனுக்கே அது சரியாக நினைவில்லை. மேசைமேல் இருந்த இரண்டு போன்களும் ஒன்றாக அடித்தன. போனுக்கொரு காது கொடுத்தார். அவ்வளவுதான் தெரியும்.

எருமப்பட்டிப் பக்கம் இருந்த அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று ஒத்திகை. ஒரே நாளில் இரண்டு அவசரம் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று பார்க்க. முதலாவது, கோழிப்பண்ணையில் பறவைக்காய்ச்சல். டாக்டரும் ஆம்புலன்ஸும் மற்ற எல்லாரும் அதிகாரிகளோடு அங்கே இருந்தார்கள். இரண்டாவது என்ன, எந்த ஊர் என்று மேலிடம் சொல்லவில்லை. போன் வரும், மிச்சமிருக்கும் ஒரே ஜீப்பை அனுப்ப வேண்டும்.

வந்ததோ இரண்டு போன். ஒன்று நடிப்பு என்றால் இன்னொன்று நிஜம்.

“ஜீப்பை மாத்தி அனுப்பிட்டா ஒரு உசுரு போயிருங்க சார்.”

ஜெகதீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கும்போது அப்படிச் செய்வது அவர் வழக்கம். அதை ஆழ்ந்த சிந்தனை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு குழப்பம் வரக்கூடாதென்றுதான் அவரே ஒரு விதி போட்டிருந்தார். நடிப்பவர்கள் ‘ஒத்திகை’ என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். மேட்டுத்தோட்டத்துக் கண்ணுசாமி அப்படித்தான் தொடங்கினார்.

“ஒத்திகைங்க. கொஞ்சம் நெஞ்சை அடைக்கிறாப்ல இருக்குதுங்க. வண்டி சும்மா நின்னா அனுப்புங்க.”

நடிக்கக்கூடத் தெரியாத மனிதர்.

இன்னொரு போனில் வந்த கண்ணாத்தாளோ அந்தச் சொல்லின் பக்கமே போகவில்லை. மகனுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை, கண் சொருகுகிறது, ஓடி வாங்க சாமி என்று ஒரே அலறல்.

“கண்ணாத்தா ஊட்டுக்கே போகட்டும்மா” என்றார். டிரைவர் சின்னண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். ஒரு வார்த்தை விதி ஓர் உயிரைக் காப்பாற்றப்போகிறது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு, ஜெகதீஸ்வரன் டீ சொல்லியனுப்பினார்.

டீ வருவதற்குள் சின்னண்ணன் கூப்பிட்டார். பையன் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். நடிப்பு எப்படி என்று கண்ணாத்தாள் கேட்கிறாளாம். அழுத வேகத்தில் அந்தச் சொல் மறந்தே போய்விட்டதாம்.

அப்படியென்றால் நெஞ்சடைப்புதான் நிஜம். ஜெகதீஸ்வரன் ஜீப்பை மேட்டுத்தோட்டத்துக்குத் திருப்பச் சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். அங்கே ஒரு மொபெட் வந்து நின்றது. வேர்த்து வழிய, நெஞ்சைப் பிடித்தபடி இறங்கியவர் கண்ணுசாமி.

மோகனப்பிரியா அவரைத் தாங்கிப் படுக்க வைத்து ஆக்சிஜன் குழாயைத் தேடினாள். ஜெகதீஸ்வரனுக்கோ ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“நெசமாவே நெஞ்சுவலின்னா, எதுக்குங்க ஒத்திகைன்னு சொன்னீங்க?”

“நீங்கதானுங்களே ஆட்டோவுல மைக் கட்டி ஊரூரா வந்து சொன்னீங்க, இன்னைக்குப் போன் பண்றவிங்க மொதல்ல ஒத்திகைன்னு சொல்லோணும்னு” என்றார் கண்ணுசாமி.

கண்ணுசாமி நாமக்கல் பெரியாஸ்பத்திரியில் படுத்துப் பிழைத்து வந்தார். கண்ணாத்தாளுக்குச் சிறந்த நடிப்புக்காகச் சால்வை கிடைத்தது. ஜெகதீஸ்வரன் ஆத்தூருக்கு மாற்றலாகிப் போனார், அங்கே போனை எடுப்பது வேறொருவர்.