பத்திலிருந்து பதினொன்று வரை

“பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் யாரு ஜெபிச்சது? கொஞ்சம் கையைத் தூக்குங்க.”

டீச்சர் கேட்டதும் கூடத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. பொத்தான் அக்கா கையைப் பாதிதான் தூக்கினாள்.

தையற்கடையில் பொத்தான் தைக்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அன்றிலிருந்து டீச்சர் வீட்டுப் புதன்கிழமை ஜெபத்துக்கு வருவாளே தவிர, வாயைத் திறக்க மாட்டாள். முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொடுவாள். ஜெபம் அவளைத் தாண்டிப் போய்விடும்.

“நான் கேட்டா கூரைக்கு மேல போகாது டீச்சர். அப்பவே பார்த்துட்டேனே” என்பாள். டீச்சர் எவ்வளவோ சொல்லியும் அசையவில்லை.

டீச்சருக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன் என்று முடிவானதும், அது நடக்கும் நாலு மணி நேரமும் ஜெபிக்க நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பத்து மணி அக்காவுக்கு என்று டீச்சரே எழுதிவிட்டார். சாகக் கிடக்கிறவர் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது?

“கட்டி கெட்டது இல்லன்னு ரிசல்ட் வந்தாச்சு. அது உங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார் டீச்சர். “தெரியாதது ஒண்ணு இருக்கு. சரியா பத்தரை மணிக்கு என் நாடி நின்னு போச்சு. டாக்டரே கையை விரிச்சிட்டாராம். அப்புறம் தானா துடிச்சிருக்கு. அந்த நேரத்துல எனக்காக முழங்கால்ல நின்னது நம்ம அக்கா.”

பக்கத்தில் நின்ற டீச்சரின் வீட்டுக்காரர் சடக்கென்று திரும்பினார். என்னவோ சொல்ல வாயெடுத்தவரின் கையை டீச்சர் அழுத்திப் பிடிக்க, அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், மனுஷனுக்குத் தொண்டை அடைக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“ஸ்தோத்திரம்!” என்று வேன் டிரைவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. காய்கறிக் கடை அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

அக்கா கல்லாக உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடச் சீருடை நாற்பது சட்டை, மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முதலாளி தலைக்கு மேல் நின்றார். பத்து மணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே அவளுக்குத் தெரியாது. சாப்பிடக் கை கழுவும்போதுதான் சுருக்கென்றது. அப்போது மணி ஒன்றரை.

டீச்சர் கேட்ட நிமிஷமே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

“என் பொண்ணுக்கு ரெண்டு தடவை தங்கல. இப்ப மூணாம் மாசம்” என்றாள் காய்கறிக் கடை அம்மா. “நீங்க ஒரு வார்த்தை கேளுங்கக்கா. உங்க ஜெபத்துக்குத்தான் உடனே பதில் வருதே!”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும்போது எங்கே ஓடுவது? நாலு வருஷத்துக்கு அப்புறம் அக்காவின் வாயிலிருந்து ‘ஆண்டவரே’ என்று ஒரு வார்த்தை வந்தது. குரல் நடுங்கியதைக் கேட்டு, எவ்வளவு உருக்கம் என்று வேன் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து கட்டிலோரம் முழங்காலிட்டாள். “நான் திருடி ஆண்டவரே. எனக்குச் சேராத நன்றியை வாங்கி வச்சிருக்கேன். என் மேல இருக்கிற கோவத்தை அந்தப் பொண்ணு வயித்துல காட்டிடாதீங்க.” அப்புறம் வேன் டிரைவரின் முதுகுவலி, எதிர்வீட்டுப் பையனின் வேலை என்று வரிசை நீண்டது.

மூன்றாவது புதன்கிழமை அவளால் முடியவில்லை. எல்லோரும் போன பிறகு, பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சரின் எதிரே போய் நின்றாள்.

“டீச்சர், அன்னைக்கு நான் ஜெபிக்கல.”

“என்னக்கா சொல்றீங்க?”

“மறந்தே போயிட்டேன். நீங்க அங்க செத்துப் பொழைச்சிருக்கீங்க, நான் இங்க ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்திருக்கேன். அதை மறைச்சு எல்லார் பாராட்டையும் வாங்கிக்கிட்டேன்.” அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அடுத்த வாரம் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். என் மேல துப்பினாலும் சரி.”

டீச்சர் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வேண்டாங்கா. சொல்லாதீங்க.”

“சொல்லாம இருக்க முடியல டீச்சர். காய்கறிக் கடை அம்மாவோட முகத்தைப் பார்க்க முடியல.”

“நீங்க சொன்னா, நானும் சொல்லியாகணும்.”

“நீங்க என்னத்தைச் சொல்லணும்?”

டீச்சர் அக்காவின் கையை எட்டிப் பிடித்தார்.

“எப்படியாவது உங்க வாயைத் திறக்க வைக்கணும்னுதான்...” என்றவர் பிடியை விடவில்லை. “என் நாடி நிக்கவே இல்லக்கா.”