துண்டு போட்ட நாற்காலி

தனியாளாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான அந்த ஆன்லைன் பயிற்சியில் முதல் வாரம் இலவசம். பிடித்தால் ஏழாம் நாள் சேர்ந்துகொள்ளலாம். வேலையை விட்டிருந்த அருள்விழி தினமும் காலை பத்து மணிக்குக் கேமராவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளையும் சேர்த்துத் திரையில் பன்னிரண்டு சதுரங்கள். பதினொன்றில் குனிந்து வேலை செய்யும் முகங்கள். ஒன்றில் மட்டும் காலி நாற்காலி. பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல அதன்மேல் ஒரு துண்டு கிடந்தது. ஃபேன் காற்றில் அதன் நுனி ஆடிக்கொண்டே இருந்தது.

“இவர் எங்க சார்?” என்று கேட்டாள்.

“முதல் பேட்ச்ல சேர்ந்தவரும்மா. வந்துடுவாரு,” என்றார் பயிற்சியை நடத்துபவர்.

ஆறாம் நாள் அந்தக் காலி நாற்காலி இருந்த அறைக்குள் ஒரு பெண் வந்தாள். துண்டை எடுத்து உதறினாள். நாற்காலியைத் துடைத்தாள். துண்டை மறுபடி அதே இடத்தில் போட்டுவிட்டுப் போனாள். மற்ற சதுரங்களில் யாரும் நிமிரவில்லை.

ஏழாம் நாள் ‘சேர்கிறேன்’ என்ற பொத்தான் திரையில் வந்தது.

“எத்தன தடவ கூப்பிடறது, சாப்பிட வாடி,” என்றாள் அம்மா.

அருள்விழி பொத்தானை அழுத்தாமல் எழுந்தாள். அறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சதுரத்தில், காலி நாற்காலியின்மேல், எப்போது கழற்றிப் போட்டாள் என்றே நினைவில்லாத அவளுடைய துப்பட்டா ஆடிக்கொண்டிருந்தது.