வழுக்குப் பாறை

மூன்று மாதம் சக்கரவர்த்தியாக இருந்து, ஆட்சி கவிழ்ந்து இப்போது தேடப்படும் தளபதி ஃபாங், உப்பு வியாபாரி வேஷத்தில் எங்கள் பல்லக்கில் பதுங்கியிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய துப்பாக்கி என் முதுகை இடித்தது.

"சோதனைச் சாவடியில எவனாவது வாயைத் தொறந்தீங்க, ரெண்டு பேரும் காலி."

"பின்னால தூக்குறவன் ஊமைங்க" என்றேன்.

பின்னால் தூக்கிய டானின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

மலைப்பாதையில் வழியை முன்னால் போகிற நான்தான் சொல்ல வேண்டும். பின்னால் வருபவனுக்குப் பல்லக்கு மறைக்கும். அதனால் நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் தூக்குகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த பதில் வரியை அவன் குரல் கொடுப்பான். டான் மட்டும் கோலால் பல்லக்குத் தண்டைத் தட்டுவான்.

சாவடி அதிகாரி திரையை விலக்கினார்.

"என்ன மொதலாளி, தாடையில கட்டு?"

"பல்வலி."

"வித்த உப்புல கொஞ்சம் தேய்ச்சிருக்கலாம்ல? சரி, போங்க."

தூக்கினோம்.

"முன்னால வழுக்குப் பாறை" என்றேன். டான் தட்டவில்லை. மறுபடி சொன்னேன். தட்டவில்லை.

"குதிகாலை ஊனி நட, கூடவே வர்றேன்" என்று பதில் வந்தது, பல்லக்குக்கு உள்ளேயிருந்து.

"இறக்குடா" என்றார் அதிகாரி. "பல்லக்குத் தூக்குறவன் பதில் மொதலாளிக்கு எப்படித் தெரியும்?"

நாலைந்து துப்பாக்கிகள் எங்களைச் சூழ்ந்தன.

பட்டாளத்தில் சேருமுன் ஃபாங் பத்து வருஷம் டானுக்கு ஜோடியாக, பின்னால் நின்று பல்லக்குத் தூக்கியவர். அவர் முடி சூட்டிக்கொண்ட வாரம் சாராயக் கடையில் டான் அதைச் சொல்லிவிட்டான். அன்றே அவன் நாக்கை அறுக்க ஃபாங்கிடமிருந்து உத்தரவு வந்தது.

திரைக்குள்ளிருந்து அவரை இழுத்தார்கள்.

டான் இப்போது தண்டை ஒரு தட்டுத் தட்டினான்.