தண்ணி கேட்காத செடி

“இந்தக் காலத்து ஜனங்களுக்கு உடம்பு வளையக் கூடாது, ஆனா எல்லாம் நடக்கணும். இப்போ தண்ணியே ஊத்தாம பூக்குற செடியாம்! யார் காதுல பூ சுத்துறே?”

பெரியவர் காலி வாளியோடு வாசற்படியில் நின்று கத்தினார்.

மருமகள் தொட்டியில் நித்தியகல்யாணியை நட்டு, மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புப் பொட்டு.

“நிஜமாத்தான் மாமா. வாரத்துக்கு ஒரு செம்பு போதும், வருஷம் பூரா பூக்கும். அதிகமா ஊத்தினாத்தான் வேர் அழுகிடும்.”

“செடிக்காரன் சொன்னானாக்கும்?”

“ஆமா. உங்களுக்கும் முழங்கால் வலி. இனிமே வாளி தூக்க வேண்டாமேன்னுதான்...”

பெரியவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தாறு வருஷம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதர். அவர் வால்வைத் திருப்பினால்தான் நாலு தெருவில் உலை ஏறும். ஓய்வு பெற்ற பிறகு கையில் மிஞ்சியது வாசல் செடிக்கு ஊற்றும் இந்த வாளி ஒன்றுதான். இன்றைக்கு வாளியைப் பிடுங்குவாள். நாளைக்கு, ‘உங்க சின்னப் பிள்ளை வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்களேன்’ என்பாள்.

“வேலை இல்லாத ஆளுக்கு இந்த வீட்ல சோறு எதுக்குன்னு கேக்க வர்றே. நேராவே கேட்டுடேன்!”

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் விரல்கள் வாளியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.

“சரி, ஊத்துங்க மாமா. உங்க கைராசி எப்படின்னு பாத்துடுவோம்.”

அன்று முதல் காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. தொட்டி நிரம்பி வாசல் வரை ஓடும். மாதங்கள் போயின. செடி சாகவில்லை.

சில நாள் இலை மஞ்சளித்துத் தலை தொங்கும். “தாகம்!” என்று இன்னொரு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பகல் தூக்கத்துக்குப் போவார். எழுந்து வந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று நிற்கும்.

“கொஞ்சம் குட்டையாத் தெரியுதே?”

“கிள்ளி விட்டேன் மாமா. அப்பத்தான் தழைக்கும்.”

“பாத்தியா? ஊத்தினா அழுகிடும்னான் உன் செடிக்காரன்!”

“நீங்க ஜெயிச்சுட்டீங்க மாமா. நீங்க இல்லேன்னா இந்தச் செடி ஏது?” என்று சிரித்துக்கொண்டே தையல் மெஷினை மிதிப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் அவள் நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். செடிக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பெரியவரைப் பார்த்துத் திகைத்தார்.

“பெரியவரே, நீங்க இன்னும் தூங்கலையா? அம்மா மூணு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. நான் முந்திட்டேன்.”

அவர் கையில் ஒரு நித்தியகல்யாணி. வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புப் பொட்டு.

“இது எதுக்கு? எங்க வீட்லதான் ஒண்ணு நிக்குதே.”

“அதை எடுத்துட்டு இதை வைக்கத்தான். இதோட பதினோரு செடி ஆச்சு. அழுகுது, மாத்துறோம். மறுபடி அழுகுது, மறுபடி மாத்துறோம். ‘அந்த வாளியை ஒளிச்சு வைங்கம்மா’ன்னு சொல்லிப் பாத்துட்டேன். ‘செடி போனா வேற செடி இருக்கு, அவர் முகம் வாடக் கூடாது’ன்னுட்டாங்க.”

பெரியவர் தொட்டியைப் பார்த்தார். காலையிலிருந்தே இலைகள் மஞ்சளித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

“அந்தச் சுவரோரமா மறைச்சு வெச்சுட்டுப் போ. நான் தூங்கிட்டிருக்கேன். உன்னைப் பாக்கவே இல்லை, புரிஞ்சுதா?”

செடிக்காரர் தலையாட்டினார்.

“தண்ணி வேண்டாத செடியாம்... நல்லாக் கதை விடுறாங்க!” என்று முணுமுணுத்தபடி, பெரியவர் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.