தானமாக வந்த மாடு

“கடைகளுக்கு பில் போடுற சாஃப்ட்வேர் விக்கிறேன். அதோட சோர்ஸ் கோடை, அதான் உள்ளே எழுதியிருக்கிற மூல நிரலைக் கேட்டு போட்டிக் கம்பெனிக்காரன் நோட்டீஸ் விட்டிருக்கான்! தொழில் ரகசியத்தை எவனாவது கொடுப்பானாம்மா?” என்று பொரிந்து தள்ளினார் முதலாளி.

“முழுக்க நீங்களே எழுதினதா சார்?” என்று கேட்டார் வக்கீலம்மா.

“இன்டர்நெட்ல ஓசியா கிடைச்சதை எடுத்துக் கொஞ்சம் மாத்தினேன். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?”

“பல்லை விடுங்க. கழுத்துல கட்டியிருந்த நிபந்தனையைப் பாத்திருக்கணும். அது காப்பிலெஃப்ட் லைசென்ஸ். மாத்தலாம், விக்கலாம். ஆனா உங்ககிட்ட பிரதி வாங்கினவங்க கேட்டா, சோர்ஸ் கோடையும் கொடுத்தாகணும். அவங்க அதை யாருக்கு வேணா கொடுக்கலாம்.”

இதெல்லாம் வக்கீலம்மாவுக்கே முந்தாநாள்தான் தெரிய வந்தது. காட்டிக்கொண்டால் ஃபீஸ் பாதியாகிவிடும்.

“போட்டிக்காரர் உங்ககிட்ட வாங்கியிருக்காரா?”

“பச்சைத் தண்ணிகூட வாங்க மாட்டான்!”

“அப்போ அவர் கேக்க முடியாது. மத்தவங்க?”

“அவங்களுக்கு பில் வந்தா போதும். ஒருத்தரும் கேட்டதில்லை.”

“பிழைச்சீங்க. சும்மா யாருக்காவது கொடுத்தீங்களா? அவங்களுக்கும் இதே உரிமைதான்.”

“என் பொண்ணு கடைக்குக் கொடுத்தேன்” என்ற முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

வக்கீலம்மா சிரித்தார். “பெத்த பொண்ணு சோர்ஸ் கோடை வாங்கிப் போட்டிக்காரன்கிட்டயா கொடுக்கப்போகுது?”

“கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கும்மா. அந்தப் போட்டிக்காரன்தான் என் மாப்பிள்ளை!”

வக்கீலம்மா பேனாவை மூடினார்.

“அப்போ பதில் நோட்டீஸ் வேண்டாம் சார். ரெண்டு பேரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, சோறோட சோர்ஸ் கோடையும் பரிமாறிடுங்க.”