குளிர்நீர்த் தொட்டியில் பால்

குமுதவல்லி வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும்தான் இடம். அந்தக் குளிர்ந்த நீர் ஓடித்தான் வீட்டுக் கணினி சூடாகாமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் வீட்டுக்கு வீடு பொருத்தியிருந்த அந்தக் கணினியோ எங்கோ வார்டில் கிடக்கும் ஒருவரை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது.

கத்திரி வெயிலில் பால் கெட்டுவிடுமே என்று பாக்கெட்டைத் தொட்டிக்குள் போட்டாள். அதன் மூலை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. சற்று நேரத்தில் கணினிச் சூட்டில் பால் திரிந்து குழாயெல்லாம் வெள்ளையாகி அடைத்துக்கொண்டது. கணினி சூடேறி அணைந்தது.

“என்னடி பண்ணித் தொலைச்சே?” என்று கத்தினான் கணவன் மாசிலாமணி.

போன் அடித்தது.

“ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம் மேடம். தொட்டியக் கழுவிட்டு ஆன் பண்ணுங்க.”

“அவரு... எப்படி இருக்காரு?”

“அவரு போயிட்டாரு. சீக்கிரம் மேடம், அடுத்த பேஷண்டை உங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் போட்டிருக்கோம்.”

குமுதவல்லி போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாசிலாமணி தொட்டியைக் கழுவத் தொடங்கியிருந்தான்.